எதெல்மீரா டீச்சரின் வருகைப் பதிவேடு

எங்கள் ஊரில் யார் வீட்டில் பன்றி வெட்டினாலும் நான்தான் சொல்வேன். கழுதை காணாமல் போனாலும் நான்தான். நாளைக்குக் கரண்ட் இருக்காது என்பதும், இன்னாருக்கு அடக்கம் மாலை நாலு மணிக்கு என்பதும் என் வாயிலிருந்துதான் வரும். கூரைக்கு மேல் கம்பத்தில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், இவ்வளவுதான் என் சொத்து. பெயர் நிக்கானோர் பெர்தெல். ஊரில் எல்லார் பெயரையும் மைக்கில் சொன்ன நான் என் பெயரை மட்டும் நாற்பத்தாறு வயது வரை சொன்னதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். முதலில் எதெல்மீரா தாப்பியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்படி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும்.

ஊர் அவரை டீச்சர் என்று கூப்பிடும். அவர் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் அல்ல, தையல்காரி. நகராட்சிக் கொடி கிழிந்துவிட்டது என்று தைக்கக் கூப்பிட்டார்கள், போனார். அங்கே வராந்தாவில் பதினாலு அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டிய நிலையில் எட்டு மாதமாகக் கிடந்தன. தலைநகரிலிருந்து வந்தவை.

"இதுல என்னங்க இருக்கு?" என்று வாட்ச்மேனைக் கேட்டிருக்கிறார்.

"புஸ்தகமாம்."

"யாருக்கு?"

"ஊருக்காம்."

"ஊருன்னா நானுந்தானே," என்று கைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து முதல் பெட்டியின் கயிற்றை வெட்டிவிட்டார். வாட்ச்மேன் பதறிப்போய் மேயரைக் கூப்பிட ஓடினான். மேயர் வருவதற்குள் ஆறு பெட்டி திறந்தாகிவிட்டது. திட்டுவதா, வேலை கொடுப்பதா என்று யோசித்த மேயர், கொஞ்சம் திட்டிவிட்டு வேலை கொடுத்தார். எங்கள் ஊரான செய்பா சேகாவின் நகராட்சிப் பொது நூலகம் அப்படித்தான் ஆரம்பித்தது. அது பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கதை.

வேலை என்றால் அப்படியொன்றும் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு ஜனவரியும் மேயர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த டிசம்பர் வரை அவர் நூலகர், இல்லாவிட்டால் பழையபடி தையல்காரி. ஐந்து மேயர்களைப் பார்த்துவிட்டார். ஐந்து பேரும் தேர்தலுக்கு முன் நூலகத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்தான், ஜெயித்த பிறகு நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டவர்களும் அவர்களேதான். டீச்சர் சண்டை போடமாட்டார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மேயர் அறைக்கு வெளியே இருக்கிற பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான். மேயர் வெளியே வரும்போது எழுந்து நின்று, "வணக்கம் ஐயா, நம்ம கூரை," என்பார். அடுத்த செவ்வாய், "வணக்கம் ஐயா, நம்ம கூரை." இரண்டாவது மேயரிடம் இப்படி முப்பத்தோரு செவ்வாய் போனார். முப்பத்தோராவது செவ்வாயில், ஒழுகி இற்று விழுந்த கூரைத் துண்டு ஒன்றை ஈரத்தோடு துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தார். அந்த மாதமே தகடு போட்டார்கள்.

ஊரையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு தெருவும் நூலகத்தின் ஒரு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார். வேலை கிடக்கிறது, வர நேரமில்லை என்ற பெண்களிடம், "உங்க மரவள்ளிக் கிழங்கை அங்கயே கொண்டு வாங்க, உரிச்சுக்கிட்டே கேளுங்க, நான் படிக்கிறேன்," என்றார். புதன்கிழமை மத்தியானங்களில் நூலகத் தரை முழுக்கத் தோலாகக் கிடக்கும். மேயர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு இது நூலகமா சமையல்கட்டா என்று கேட்டார். அவருக்கும் ஒரு கிழங்கு வேகவைத்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆனால் முதல் மாதம் ஒரு ஈ, காக்கை கூட உள்ளே வரவில்லை. சரியாகச் சொன்னால், வந்தார்கள். வந்து புத்தகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வருவார்கள். மேஜைமேல் விரித்து வைத்த பதிவேட்டைப் பார்த்ததும் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து என்று மூன்று கட்டங்கள். எங்கள் ஊரில் யாரும் தாளில் பெயர் எழுதமாட்டார்கள். ரேஷனுக்கு எழுதச் சொன்னாலும் யோசிப்பார்கள். ஊருக்குள் ஒரு தடவை பட்டியல் வந்திருக்கிறது.

ஒரு நாள் பன்றிக்கறி விற்கிற பெத்ரோனா அக்கா, சமையல் புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்தபடி பதிவேட்டுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"என் பேருதான் போடணுமா?"

"உங்களுக்கு எந்தப் பேரு போடணுமோ போடுங்க," என்றார் டீச்சர்.

பெத்ரோனா அக்கா தன் புருஷன் பெயரை எழுதினார். புருடென்சியோ கசியானி. அவர் இறந்து மூன்று வருடமாகியிருந்தது. "அவரை இனிமே யாரு என்ன பண்ணிட முடியும்," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு இறந்தவரின் பெயரில் நூலக அட்டை வாங்கினார்கள். அண்ணன், மாமா, மகன். அடையாள எண் கட்டத்தை டீச்சர் காலியாகவே விட்டுவிடுவார். எந்தப் பெயருக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. நாள் தாண்டினால் வீட்டுக்கே போய் வாசலில் நின்று, "உங்க அம்மா எடுத்துட்டுப் போன புஸ்தகம் பத்து நாளாச்சு," என்பார். "அம்மாவுக்கு இன்னும் நாலு பக்கம் இருக்கு டீச்சர்," என்று உள்ளிருந்து பதில் வரும். வெளியூர்க்காரன் கேட்டால் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைப்பான்.

இப்போது என் விஷயம். அந்தப் பட்டியல் வந்த அன்றைக்கு எனக்கு இருபத்துநாலு வயது. காலை பத்து மணி இருக்கும். துப்பாக்கியோடு வந்தவர்களில் ஒருவன் என் வீட்டுக்குள் நுழைந்து ஒரு தாளை நீட்டி, "இதைப் படி, உன் வழக்கம்போலப் படி," என்றான். இந்தப் பெயருள்ளவர்கள் அடையாள அட்டையோடு சதுக்கத்துக்கு வரவும் என்று போட்டிருந்தது. படித்தேன். இருபத்தோரு பெயர்கள். என் குரல் என்பதால் வந்தார்கள். பன்றிக்கறியும் கரண்டும் சொல்கிற குரல்தானே, ஏதோ நகராட்சி வேலை என்று சட்டையை மாட்டிக்கொண்டு, அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, அவர்களாகவே நடந்து வந்தார்கள். ஒருவரும் வீடு திரும்பவில்லை. நாலாவதாக நான் படித்த பெயர் லிபார்தோ தாப்பியா. எதெல்மீராவின் தம்பி. ரேடியோ ரிப்பேர் செய்கிறவன். அதற்கு முந்தின நாள்தான் என் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்து கொடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. துப்பாக்கி உன் கழுத்தில் இருந்தது, நீ என்ன செய்வாய் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தாளில் என் வீட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதை ஊர் கவனித்திருந்தது. நானும் கவனித்திருந்தேன்.

நூலகம் திறந்து ஐந்து வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் டீச்சரே வந்தார். "நீ ஏன் வர்றதில்ல?" என்று கேட்டார்.

"எனக்குப் போட ஒரு பேரு இல்லையே டீச்சர். எங்க வீட்டுல யாரும் சாகல."

டீச்சர் கைப்பையைத் திறந்தார். ஒரு நூலக அட்டையை எடுத்து, அதில் தன் கையாலேயே எழுதி நீட்டினார். லிபார்தோ தாப்பியா. "எப்படியும் நீ சொன்ன பேருதான். இனிமே இதை நல்லதுக்குச் சொல்லு," என்றார். அந்த அட்டை பதினாலு வருடம் என் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்கு நான் அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

போன வருடம் ஆறாவது மேயர் வந்தார். சின்ன வயது, கர்த்தகேனா நகரத்திலேயே வளர்ந்து படித்தவர், இஸ்திரி கலையாத சட்டை. கெட்டவர் இல்லை. எதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வியாதி மட்டும் இருந்தது. அவரிடம், ஊரே மரியாதையாகத் தோன் என்று கூப்பிடுகிற எலியேசர் போய் ஒட்டிக்கொண்டார். தோன் எலியேசர் பொஹோர்கேஸ் நகராட்சி உறுப்பினர், ஜனவரி மாதக் காளை விழாக் குழுவின் தலைவர், ஊரின் பாதி மேய்ச்சல் நிலத்துக்குச் சொந்தக்காரர். சதுக்கத்து மூலையில் இருக்கிற நூலகக் கட்டிடம் விழாக் குழுவுக்கு அலுவலகமாகவும், கயிறு, பலகை, கொடி வைக்கிற கிடங்காகவும் வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. "காளை விழாவுக்குப் பத்தாயிரம் பேரு வர்றான். நூலகத்துக்கு யாரு வர்றா?" என்று கேட்டார். மேயர் அந்தக் கேள்வியை அப்படியே டீச்சரிடம் கேட்டார்.

இங்கேதான் டீச்சர் தப்புச் செய்தார். அதற்கு முந்தைய மேயர்களிடம் வாயால்தான் கணக்குச் சொல்லியிருக்கிறார், இந்த மாதம் முன்னூறு பேர், இருநூறு பேர் என்று. இந்தத் தடவை பயந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது. வாயால் சொன்னால் நம்பமாட்டான் இந்தப் பையன் என்று தோன்றியிருக்கிறது. பத்தொன்பது வருடப் பதிவேடுகளை, ஒன்பது தடிமனான நோட்டுகளை, கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் மேயர் மேஜைமேல் அடுக்கிவிட்டார். கொஞ்சம் பெருமையும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மேயரின் செயலாளர் நாலு நாள் உட்கார்ந்து புரட்டினார். ஒரு பெயருக்கும் அடையாள எண் இல்லை. "இவங்க நிஜ ஆளுங்களான்னு எப்படித் தெரியும்?" என்று மேயர் கேட்டார்.

"நிஜ ஆளுங்கதான் ஐயா," என்றார் டீச்சர். இறந்தவர்களின் பெயர் என்று சொன்னால் பொய்ப் பதிவேடு என்று அதற்கே மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் மூடுவார்கள். மேயரே ஒரு வழி சொன்னார்.

"சரி. அப்ப ஒண்ணு செய்வோம். வெள்ளிக்கிழமை காலையில மன்றக் கூட்டம். இதுல இருக்கிறவங்க அடையாள அட்டையோட நேர்ல வந்து ஆமான்னு சொல்லட்டும். நூறு பேரு வந்தா நூலகம் இருக்கும். நான் வாக்குக் குடுக்குறேன்."

நியாயமான பேச்சுதான். அதுதான் கொடுமை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செயலாளர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று முதல் தினமும் மூன்று தடவை படிக்க வேண்டும் என்றார். கீழ்க்கண்ட பெயருள்ளவர்கள் அடையாள அட்டையோடு வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சதுக்கத்திலுள்ள மன்றக் கூடத்துக்கு வரவும். அதற்குக் கீழே, அதிகம் வந்தவர் முதலில் என்ற வரிசையில் பெயர்கள். முதல் பெயர் லிபார்தோ தாப்பியா, நானூற்றுப் பன்னிரண்டு வருகை. இரண்டாவது புருடென்சியோ கசியானி. மீதியில் கண்ணை மட்டும் ஓட்டினேன். அன்றைக்குப் படித்த இருபத்தோரு பெயரும் அதில் இருந்தன, அதற்குப் பிறகு அந்த வீடுகளில் இறந்தவர்களும் இருந்தார்கள். வெளியூர்ப் பெண் அந்தச் செயலாளர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

தாளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். டீச்சர் கிழிந்த புத்தக அட்டை ஒன்றைத் தைக்க ஊசி கோத்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் படிக்கமாட்டேன் டீச்சர். ஸ்பீக்கரை உடைச்சுப் போட்டாலும் போடுவேன், படிக்கமாட்டேன்."

வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "படி," என்றார்.

"என்ன பேசுறீங்க?"

"நீ படிக்கலேன்னா யாருக்கும் தெரியாது, யாரும் வரமாட்டாங்க. படிச்சா பத்துப் பேராவது வரலாம். அவங்க பேரு அவங்களுக்குத் தெரியும்ல. எனக்கு வேற வழி இருந்தா உன்கிட்டயா கேட்பேன் நிக்கானோர்?" ஊசியை மேஜைமேல் வைத்தார். "என் தம்பி பேரை நீ மறுபடி கூப்பிடுறதை நான் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கணும். எனக்கு மட்டும் இனிக்குதா?"

படித்தேன். மூன்று மணிக்குப் படித்தேன். நாலாவது பெயருக்கு வரும்போது எதிர் வீட்டு ஜன்னல் மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பக்கத்து வீடு. பத்தாவது பெயருக்குள் தெருவில் நாய் மட்டும்தான் இருந்தது. மருத்துவச் சாவடியில் மூன்று பேருக்கு மயக்கம் என்று பிறகு சொன்னார்கள். பெத்ரோனா அக்கா பாதி விற்ற கறியை அப்படியே பலகைமேல் விட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். செயலாளர் மூன்று தடவை என்று சொல்லியிருந்தார். நான் இரண்டாவது தடவை படிக்கவில்லை.

டீச்சர் புதனும் வியாழனும் வீடு வீடாக நடந்தார். நானும் கூடப் போனேன், என்னால் வேறு என்ன ஆகும். சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்த அதே வீடுகள். கதவைத் திறக்காமலே பேசினார்கள்.

"எனக்கு நூலகம் வேணும் டீச்சர். சாமி சத்தியமா வேணும். ஆனா பேரை மட்டும் கேக்காதீங்க."

"புஸ்தகம் போனா போகட்டும் டீச்சர். ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு."

"காலம் மாறிடுச்சு. இப்ப யாரும் வரப்போறதில்ல," என்று டீச்சர் கதவைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பவும் அப்படித்தான் சொன்னாங்க."

ஒரு வீட்டு வாசலில் டீச்சர் முழங்காலிட்டுவிட்டார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தோளைப் பிடித்துத் தூக்கினேன். "விடு," என்றார். "மேயருக்கு முன்னால நான் பத்தொன்பது வருஷம் நின்னேன். இவங்களுக்கு முன்னால விழறதுல எனக்கு ஒண்ணும் இல்ல." தோன் எலியேசர் வீட்டுக்கும் போனார். அவர் மனைவி தன் அம்மா பெயரில் புதன்தோறும் வருகிறவர். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு வீட்டுல இருக்காரு," என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மன்றக் கூடத்தில் மைக் செட் நான்தான் போட்டேன். வரமாட்டார்கள் என்று நினைத்தேன், ஆனால் வந்தார்கள். கூடத்தின் பின்பக்கத்திலும், வெளியே வாதாம் மரத்தடியிலுமாக நூறு பேருக்குக் குறையாது. யாரும் உட்காரவில்லை. யாராவது ஒருத்தர் முதலில் முன்னால் வரட்டும் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முன் பெஞ்சில், அடக்கத்துக்குப் போடுகிற நல்ல கவுனில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

செயலாளர் தாளை எடுத்தார். "லிபார்தோ தாப்பியா."

அது நான். நான்தான் முதல் ஆள். எழுந்து, நான் நிக்கானோர் பெர்தெல், அந்தப் பெயரில் படித்தது நான் என்று சொன்னால் போதும். எழவில்லை. அவனைச் சாகக் கூப்பிட்ட வாய் இது, அவன் அக்காவுக்கு முன்னால் அவன் பெயருக்கு இதே வாய் பதில் சொல்வதா என்று நினைத்தேன். பயம் என்றும் சொல்லலாம். ஆம்ப்ளிஃபயரின் திருகைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தேன்.

"லிபார்தோ தாப்பியா. இல்லையா?" செயலாளர் குறித்துக்கொண்டார். "புருடென்சியோ கசியானி."

பெத்ரோனா அக்கா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

நூற்று எண்பது பெயர் படித்தார்கள். ஏழு பேர் கை தூக்கினார்கள். பாதிரியார், நர்ஸ், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியர்கள். ஏழு பேரும் அந்தப் பட்டியலுக்குப் பிறகு ஊருக்கு வந்தவர்கள், தங்கள் சொந்தப் பெயரிலேயே புத்தகம் எடுத்தவர்கள்.

டீச்சர் எழுந்தார். "ஐயா, அவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. உங்க கண்ணு முன்னாலதான் நிக்கிறாங்க. பேரு சொல்லத்தான் பயம்."

"பேரு சொல்லாதவங்களை நான் எப்படி டீச்சர் எண்ணுறது?" என்றார் மேயர். உண்மையிலேயே கேட்டார்.

தோன் எலியேசர் நாற்காலியில் சாய்ந்தார். "மேயரே, இதெல்லாம் கல்லறைக்குப் போனவங்க பேரு. உள்ளூர்க்காரங்க எங்க எல்லாருக்கும் தெரியும். செத்தவங்களுக்கு எதுக்கு நூலகம்?" என்று சிரித்தார். மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேருக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். நாலு நாளாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டு எடுத்தார்கள். ஏழுக்கு இரண்டு. திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

வெளியே வரும்போது பெத்ரோனா அக்கா என் சட்டையைப் பிடித்தார். "நீ எந்திரிச்சிருந்தா நானும் முன்னால வந்திருப்பேன்டா. நான் வந்திருந்தா என் தெருவே வந்திருக்கும்." அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மத்தியானமே அடுத்த தாள் வந்துவிட்டது. நூலகம் மூடப்படுகிறது, கையில் புத்தகம் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் பெயர், எண், கையெழுத்தோடு திருப்பிக் கொடுக்கவும். அதைப் படித்தேன். படித்து முடித்ததும் மைக்கை அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இதைப் படிச்சது நிக்கானோர் பெர்தெல்," என்றேன். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பட்டியலைப் படிச்சதும் நான்தான். உங்க வீட்டு ஆளுங்க என் குரலை நம்பித்தான் வந்தாங்க. லிபார்தோ தாப்பியா பேர்ல புஸ்தகம் எடுத்ததும் நான். இன்னிக்குக் கூப்பிட்டப்ப எந்திரிக்காம இருந்ததும் நான். நாளைக்குக் காலையில போய் என் பேர்ல கையெழுத்துப் போடுவேன்." பிறகு என் அடையாள அட்டையின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன், இரண்டு தடவை.

சனிக்கிழமை காலை நூலகத்தில் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் வைத்திருந்தார். எழுதினேன். என் கையெழுத்து எனக்கே கோணலாகத் தெரிந்தது. நிமிர்ந்தால் வாசலில் பெத்ரோனா அக்கா, கொழுப்புக் கறை படிந்த அதே சமையல் புத்தகத்தோடு. அவருக்குப் பின்னால் அவர் தெரு. ஒன்பது மணிக்கு வரிசை சதுக்கத்தைத் தாண்டியது. ஒவ்வொருவராக எழுதினார்கள், எழுதிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எண்ணினோம், நூற்றுப் பதினேழு. தோன் எலியேசரின் மனைவி நூற்றுப் பதினேழாவது ஆள்.

டீச்சர் தாள்களை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக மேயர் வீட்டுக்குப் போனார். எல்லாரும் பின்னாலேயே போனோம். மேயர் வாசலுக்கு வந்து தாள்களைப் பார்த்தார். வரிசையாக எண்ணிப் பார்த்தார். அவர் முகத்திலும் சங்கடம்தான்.

"நேத்து வந்திருந்தா டீச்சர். நேத்து வந்திருந்தா நான் என் வாக்கைக் காப்பாத்தியிருப்பேன். இப்ப மன்றம் ஓட்டுப் போட்டாச்சு. தீர்மானம் கையெழுத்தாச்சு, கட்டிடம் குழுவுக்குப் போயாச்சு. ஒண்ணும் செய்ய முடியாது."

"ஒரு நாளுதானே ஐயா. இவங்க இருபத்திரண்டு வருஷம் கழிச்சு எழுதியிருக்காங்க. ஒரு நாள் தாண்டினது பெரிசா?"

"சட்டம் டீச்சர்." பிறகு நல்லெண்ணத்தோடுதான் கையை நீட்டினார். "தாளைக் குடுங்க. ஃபைல்ல வச்சுக்குறேன், எப்பவாவது உதவும்."

எனக்குப் பின்னால் நூறு பேரின் மூச்சு நின்றது. அவர்கள் பெயர்கள், எண்கள், ஒரே தாளில், அரசாங்க அலமாரியில். நூலகமும் இல்லாமல். ஒரு பெண் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார்.

டீச்சர் தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இல்ல ஐயா."

"அது நகராட்சி ஆவணம்."

"நகராட்சிக்கு நூலகம் இருந்தாத்தான் அது ஆவணம். இல்லாத நூலகத்துக்கு எதுக்கு வாசகர் பட்டியல்?" படியிறங்கினார். இறங்கிவிட்டுத் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை வர்றேன்."

"எதுக்கு?"

"பெஞ்சு அங்கதானே இருக்கும்."

சதுக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். துணி வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக வெட்டினார். ஒவ்வொருவரையும் கூப்பிடாமல், முகத்தைப் பார்த்து, அவரவர் பெயரை அவரவர் கையில் கொடுத்தார். கொண்டுவந்த புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்தார். "வீட்டுலயே வச்சுக்குங்க. நகராட்சிக்கு வேணும்னா வீடு வீடா வந்து கேக்கட்டும். யாருகிட்ட எது இருக்குன்னு அதுக்குத் தெரியாது." சிலர் துண்டை மென்று விழுங்கினார்கள். பெத்ரோனா அக்கா உள்பாடியில் செருகிக்கொண்டார். எல்லாரும் போனபிறகு நான் மட்டும் நின்றேன். என் துண்டைக் கொடுத்தார். நீட்டிய கையை மடக்கவில்லை.

"லிபார்தோவை எங்கிட்டக் குடு," என்றார்.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தேன். பதினாலு வருட வியர்வையில் எழுத்து பாதி அழிந்திருந்தது. வாங்கி, கட்டைவிரலால் பெயரைத் தடவினார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு புஸ்தகம்கூட இவன் முழுசாப் படிச்சதில்ல, தெரியுமா? எப்பப் பாரு ரேடியோ, ரேடியோ," என்றார். "நானூத்திப் பன்னண்டு தடவை வந்திருக்கான்."

அட்டையைக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.